சர் ரோஜர் டி காவர்லி: ஒரு பழைய ஆங்கில ஃபிடில் மெட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலின் கற்பவர்கள், பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும் ஆசிரியர்கள், பழைய ஆங்கிலக் கதைகளைப் படித்துவிட்டு வருபவர்கள் என்று பல பக்கமிருந்தும் இந்த ஒரு மெட்டைப் பற்றி ஒரே மாதிரிச் சந்தேகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து படியுங்கள். பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை.

1. சர் ரோஜர் டி காவர்லின்னா என்ன சார்? ஆளா, பாட்டா, டான்ஸா?

மூன்றும்தான். ஆனால் அவை வந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மெட்டு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சேறிவிட்டது. அதற்கு ஆடிய ஆட்டத்துக்கும் அதே பெயர். ஆள் கடைசியில் வந்தவர், அதுவும் கற்பனை ஆள். 1711இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் பிறந்தவர்.

நம் ஊரில் பலர் ஆளைத்தான் முதலில் சந்திக்கிறார்கள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்கு, அந்தப் பத்திரிகையை நடத்திய அடிசன், ஸ்டீல் இருவரின் கட்டுரைகள் பாடமாக இருந்திருக்கும். அதனால் அவர் பெயரைத்தான் மெட்டுக்கு வைத்தார்கள் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பாதி, அதைக் களையும் வேலைதான்.

2. ஃபிடில் வேற, வயலின் வேறயா?

கருவி ஒன்றுதான். நாலு தந்தி, ஒரு வில். பார்க்கிற வேலை வேறு. நடனத்துக்கு வாசிப்பவரைக் கேட்க யாரும் உட்கார்ந்திருப்பதில்லை; மரத்தரையில் நாற்பது கால்கள் விழும் சத்தத்தைத் தாண்டி அவருடைய தாளம் எட்ட வேண்டும். அதனால் வில் அழுத்தம், அடி விழும் இடத்தில் ஒரு வெட்டு, இவைதான் அவருக்கு முக்கியம். தாடைக்கடியில் வைக்காமல் மார்பில் சாய்த்து வாசிப்பவர்களைப் பழைய ஓவியங்களில் நிறையப் பார்க்கலாம். நடனம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் கோட்டுப் பைக்குள் அடங்கும் ஒரு குட்டி ஃபிடிலையே வைத்திருந்தார்கள்.

கிராமத்து ஃபிடில்காரர்களில் பலர் சனிக்கிழமை இரவு நடனத்துக்கும் ஞாயிறு காலை தேவாலயத்துக்கும் அதே கருவியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் குடும்பம் அப்படிப்பட்டது. டார்செட் பகுதியில் சிறுவனாக இருந்தபோதே அப்பாவோடு சேர்ந்து நடனங்களுக்கு வாசித்தவர் அவர். அந்தக் குடும்பம் கையால் எழுதிவைத்த மெட்டு நோட்டுகள் இன்றும் இருக்கின்றன.

3. இதைக் கம்போஸ் பண்ணது யாரு?

இயற்றியவர் பெயர் எந்த அச்சிலும் இல்லை. அந்தக் காலத்து நடன மெட்டுகளில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான். வாசித்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டார்கள், புத்தகக்காரர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

இயற்றியவர் தெரிந்த மெட்டும் அந்தப் புத்தகங்களுக்குள் உண்டு. ‘ஹோல் இன் தி வால்’ என்ற நடனத்தின் மெட்டு, இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் 1695இல் ஒரு மேடை நாடகத்துக்கு எழுதிய ஹார்ன்பைப் என்ற நடன வகை மெட்டு. மூன்றே வருடத்தில், 1698இல், அது நடனப் புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டது. அங்கே பர்செல் ஒரு பொருட்டே இல்லை. ஆட்டத்தின் பெயர்தான் தலைப்பு. மேடைக்கு எழுதிய மெட்டுக்கே இந்த நிலை என்றால், தெருவிலும் விடுதியிலும் வளர்ந்த மெட்டை யாருடையது என்று விசாரித்திருக்கவா போகிறார்கள்?

4. நான் டவுன்லோட் பண்ண நோட்ஸ்ல ‘பிளேஃபோர்ட்’னு பேர் போட்டிருக்கே?

அது கடைக்காரர் பெயர். ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் புத்தகம் பதிப்பித்து விற்றவர். சட்டம் படிக்கும் இளைஞர்கள் நிறைந்த இன்னர் டெம்பிள் வளாகத்தில், தேவாலயக் கதவருகே அவருடைய கடை. 1651இல் ‘தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்’ என்று 105 நடனங்கள் கொண்ட புத்தகம் ஒன்றைப் போட்டார். பக்கத்தின் மேலே ஒற்றை வரியில் மெட்டு, கீழே ஆடும் முறை. துணைச் சுரங்கள் எதுவும் கிடையாது. ஃபிடிலை வைத்துக்கொண்டு வாசிக்க அது போதும்.

அந்தப் புத்தகம் சுமார் 1728 வரை பதினெட்டுப் பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்த்தார்கள். நம் மெட்டு அதில் சேரும்போது ஜான் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தொழிலை நடத்தியது மகன் ஹென்றி. ஆகவே உங்கள் நோட்ஸில் உள்ள பெயரை ‘இந்தக் கடைப் புத்தகத்தில் உள்ளது’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

5. முதல்ல அச்சானது 1685ன்னு ஒரு இடத்துல இருக்கு, 1695ன்னு இன்னொரு இடத்துல இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. 1685 என்பது ‘தி டிவிஷன் வயலின்’ என்ற தொகுப்பில் வந்தது. அதுவும் பிளேஃபோர்ட் கடைச் சரக்குதான். 1695 என்பது ‘டான்சிங் மாஸ்டர்’ ஒன்பதாம் பதிப்பு. ஆடும் முறையோடு வந்தது அதில்தான்.

எனக்கு 1685தான் அதிகம் பேசுகிறது. டிவிஷன் என்பது ஒரு சாதாரண மெட்டை எடுத்து, அதன் நீண்ட சுரங்களைச் சின்னச் சின்னதாக உடைத்து, சுற்றுக்குச் சுற்று வேகமும் வேலைப்பாடும் ஏற்றி வாசிப்பது. கேட்பவருக்கு மூல மெட்டு தெரிந்திருந்தால்தான் அதில் ருசி. தெரியாத மெட்டுக்கு யாரும் அத்தனை மெனக்கெட மாட்டார்கள். எனவே 1685க்கு முன்பே அது லண்டன் ஃபிடில்காரர்களின் விரலில் இருந்த மெட்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

6. சர் ரோஜர்ங்கறவர் நினைவா வெச்ச பேர்தானே இது?

தலைகீழ். 1711 மார்ச் 2 அன்று வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் இரண்டாம் இதழில் ரிச்சர்ட் ஸ்டீல் ஒரு கற்பனை மன்றத்தை அறிமுகப்படுத்துகிறார். அதன் முதல் உறுப்பினர் வூஸ்டர்ஷயரைச் சேர்ந்த பண்ணையார், சர் ரோஜர் டி காவர்லி. ‘அவர் பெயரால் வழங்கும் அந்தப் புகழ்பெற்ற நடனத்தைக் கண்டுபிடித்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா’ என்று ஸ்டீல் போகிற போக்கில் சொல்கிறார். அது நகைச்சுவை. நடனம் வாசகர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் அது எடுபட்டது.

தலைப்புகளும் இதற்குச் சாட்சி. கேள்வி 5இல் சொன்ன இரண்டு அச்சுகளிலும் ‘ரோஜர் ஆஃப் காவர்லி’ என்றுதான் இருக்கிறது. ‘சர்’ பட்டம் கிடையாது. பத்திரிகை தன் ஆளுக்குக் கொடுத்த பட்டம் பிறகு மெட்டோடும் ஒட்டிக்கொண்டது. பண்ணையாரையோ 1712 அக்டோபரிலேயே பத்திரிகையில் சாகடித்துவிட்டார்கள். மெட்டுக்கு அந்தச் சாவால் ஒரு குறையும் வரவில்லை.

7. யார்க்ஷயர்ல நிஜமாவே ஒரு ரோஜர் இருந்தாராமே?

லீட்ஸ் நகருக்கு அருகில் கால்வர்லி என்ற ஊர் உண்டு, அதே பெயரில் ஒரு நிலக்கிழார் குடும்பமும் உண்டு. லீட்ஸ் வரலாற்று ஆர்வலர் ரால்ஃப் தோர்ஸ்பி 1717இல் எழுதிய கையெழுத்துப் பிரதியில் இந்தக் கதை வருகிறது. முதலாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில் ரோஜர் என்ற கால்வர்லி வீரர் வாழ்ந்தார், விருந்தோம்பலில் பேர்பெற்றவர், சொந்தமாக இசைக்காரர்களை வைத்திருந்தார், இந்த மெட்டு அவரைக் குறித்தது, என்று போகிறது.

ரிச்சர்ட் ஆண்டது 1189 முதல் 1199 வரை. அங்கிருந்து 1685 வரை ஐந்நூறு ஆண்டுகள். இடையில் இந்த மெட்டை அவரோடு கட்ட ஒரு தாளும் இல்லை. எழுதப்பட்ட ஆண்டையும் பாருங்கள். ஸ்பெக்டேட்டர் அந்தப் பெயரை நாடு முழுக்கப் பிரபலமாக்கிய பிறகு வந்தது 1717. ஒரு பெயர் பிரபலமானதும் ‘அவர் எங்கள் ஆள்’ என்று உரிமை கொண்டாடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ரோஜர் வாழ்ந்திருக்கலாம், விருந்தும் வைத்திருக்கலாம். மெட்டு அவருடையது என்பதற்கு இது போதாது.

8. ஆட்டம் எப்படி இருக்கும்? ரெண்டு வீடியோ பார்த்தேன், ரெண்டும் வேற மாதிரி இருந்துச்சு.

நீங்கள் பார்த்தவை இரு வேறு காலத்து ஆட்டங்களாக இருக்கும். 1695இல் உள்ளது சின்ன ஆட்டம். எதிரெதிரே இரண்டு வரிசை. முதல் ஜோடியின் ஆண், இரண்டாம் ஜோடியின் பெண்ணைச் சுற்றி, அந்த ஆணுக்குக் கீழாக வந்து தன் இடத்தில் நிற்பார். பெண்ணும் அதே மாதிரி மறுபக்கம். பிறகு ஜோடி குறுக்கே கடந்து, கைகோத்து இரண்டு முறை சுழன்று, நடுவில் மேலேறி, வெளியே பிரிந்து இரண்டாம் இடத்துக்கு இறங்கும். அடுத்த ஜோடியோடு மறுபடி இதே சுற்று. இரண்டு ஜோடிகளுக்குள் அடங்கிவிடும் விஷயம்.

19ஆம் நூற்றாண்டு ஆட்டத்தில் வரிசை முழுவதும் பங்கெடுக்கிறது. மேல்முனை ஆணும் கீழ்முனைப் பெண்ணும் மூலைக்கு மூலை நடுவில் வந்து சந்திப்பார்கள்: வணக்கம் செய்து திரும்புவது, வலக்கை பிடித்துச் சுற்றுவது, இடக்கை, இரு கை, முதுகோடு முதுகாக ஒரு சுற்று. ஒவ்வொன்றையும் மற்ற மூலை ஜோடி திரும்பச் செய்யும். முடிவில் மேல்ஜோடி வெளிப்பக்கமாகப் பிரிந்து கீழே ஓட, எல்லோரும் பின்தொடர்வார்கள். கீழே அந்த ஜோடி கைகளை உயர்த்தி வளைவு கட்டும். ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி’ விளையாட்டில் பிள்ளைகள் குனிந்து நுழைவது போல மற்றவர்கள் அதற்குள் புகுந்து மேலே வர, இரண்டாவதாக நின்ற ஜோடி இப்போது முதல் ஜோடி. ஊருக்கு ஊர் இதில் வித்தியாசம் உண்டு. மேல்ஜோடி வரிசைகளுக்குள் ஊசி நூல் கோப்பதாக நுழைந்து நுழைந்து போகும் வகையும் இருக்கிறது.

9. ரோஜர்ங்கறது நரியாம், டான்ஸே நரி வேட்டையாம். நிஜமா?

நரி புதருக்குள் நுழைந்து வெளியேறி ஓடுவதை ஆட்டம் காட்டுகிறது என்ற விளக்கம் பல இடங்களில் அடிபடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘ஓட்டம்’ முழு வரிசையையும் ஆளும் பிற்கால ஆட்டத்தைப் பார்த்தால்தான் தோன்றும். 1695இல் உள்ள ஆடும் முறையில் யாரும் யாரையும் துரத்திக்கொண்டு வரிசை நெடுக ஓடுவதில்லை. இரண்டு ஜோடிகள் மாறி மாறிச் சுற்றுகின்றன, அவ்வளவே. பெயர் 1685லேயே இருக்கிறது, நரியைக் காட்டும் அசைவு பிறகுதான் வருகிறது. பின்னால் வந்த அசைவு முன்னால் இருந்த பெயருக்குக் காரணமாக முடியாது.

10. 9/8ன்னா ஒன்பது. அப்போ நம்ம சங்கீர்ண நடையா?

நம் மெட்டு 9/8 தாளத்தில் இருக்கிறது, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒன்பது துளி. கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை வழுக்குகிறார்கள். சங்கீர்ணத்தில் ஒன்பதை நாலும் ஐந்துமாக உடைத்துப் பழகியிருப்போம். இங்கே அப்படி இல்லை. மூன்று, மூன்று, மூன்று. கால் விழுவது மூன்று அடி, ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று துளி. தகிட தகிட தகிட. மூன்று எண்ணிக்கைத் தாளத்தைத் திஸ்ர நடையில் போட்டது என்று வைத்துக்கொண்டால் கை உடனே பிடித்துக்கொள்ளும்.

வாசிக்கும்போது மூன்று துளியையும் ஒரே எடையில் போட்டால் மெட்டு தட்டையாகிவிடும். முதல் துளியில் சற்றுத் தங்கி, இரண்டாவதை லேசாக்கி, மூன்றாவதை அடுத்த அடிக்குள் தள்ளிவிடுங்கள். கமகம் வேண்டாம். அதைத் தவிர்க்க முடியாத விரல்களை எனக்குத் தெரியும். ஆட்டக்காரர்களோடு வாசித்தால் தானாகக் குறையும்.

11. 9/8ல இருக்கறதால இது ஐரிஷ் மெட்டுன்னு எங்க மாஸ்டர் சொல்றார்.

‘ஸ்லிப் ஜிக்’ என்று இன்று இந்தத் தாளத்துக்கு வழங்கும் பெயர் ஐரிஷ்காரர்களுடையது. ஐரிஷ் நடனப் போட்டிகளில் அது தனி வகையாகவே இருப்பதால் இந்த நினைப்பு வருகிறது. ஆனால் இந்தத் தாளம் வட இங்கிலாந்திலும், குறிப்பாக நார்தம்பர்லாந்திலும், ஸ்காட்லாந்து எல்லையிலும் பழங்காலம் தொட்டே புழங்கியது. நார்தம்பர்லாந்தின் சிறிய துருத்திக்குழல் வாசிப்பவர்களிடம் 9/8 மெட்டுகள் கொத்துக் கொத்தாக உண்டு. ‘டிராப்ஸ் ஆஃப் பிராண்டி’ என்ற மெட்டும் இதே ஜாதி. தாளத்தை மட்டும் வைத்து நாட்டை முடிவு செய்ய வேண்டாம். நம் மெட்டின் முதல் அச்சுகள் இரண்டும் லண்டனில்.

12. ஸ்காட்லாந்து மெட்டுன்னும் சிலர் சொல்றாங்களே?

அதில் கொஞ்சம் சாரம் உண்டு. ஸ்காட்லாந்தில் இதே மெட்டு ‘மால்ட்மேன்’ என்ற பெயரில் ஓடியது. பீர் காய்ச்சப் பயன்படும் முளைகட்டிய தானியம் (மால்ட்) விற்பவன் திங்கட்கிழமை கடனை வசூலிக்க வருகிறான் என்ற பாட்டு அது; கவிஞர் ஆலன் ராம்சே 1720களில் வெளியிடத் தொடங்கிய பாடல் தொகுப்பில் இருக்கிறது. நடனமும் அங்கே ‘ஹேமேக்கர்ஸ்’ என்ற பெயரில் ஆடப்படுகிறது.

எது முதல் என்று எல்லைக்கு இரு பக்கமும் சண்டை போட்டிருக்கிறார்கள். அச்சுத் தேதியை வைத்தால் இங்கிலாந்து முந்துகிறது. ஃபிடில்காரர்களும் மாட்டு வியாபாரிகளும் சிப்பாய்களும் நித்தம் கடந்துபோன எல்லையில் அச்சுத் தேதிக்கு மேல் எதையும் நிரூபிக்க முடியாது என்பது என் கருத்து.

13. பார்ட்டியோட கடைசி டான்ஸா இதையே ஏன் வெச்சாங்க?

19ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது விருந்துகளில் நடனத்தின் சுவை மாறிக்கொண்டிருந்தது. வால்ட்ஸ் வந்தது, 1815ஐ ஒட்டி குவாட்ரில் வந்தது, 1840களில் போல்கா வந்தது. இரண்டு நீள வரிசையில் நின்று ஆடும் பழைய ஆட்டங்கள் ஒவ்வொன்றாகப் பெரிய இடங்களை விட்டு வெளியேறின. இது மட்டும் கடைசி ஆட்டமாக நின்றுகொண்டது. லண்டன் நடன ஆசிரியர் தாமஸ் வில்சன் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை முடிவு ஆட்டமாக விவரித்துப் படமும் போட்டிருக்கிறார்.

காரணம் எளிது. குவாட்ரிலுக்கு வகுப்புக்குப் போக வேண்டும். இதற்கு மேல்ஜோடி செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றால் போதும், உங்கள் முறை வருவதற்குள் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். தாத்தாவும் ஆடலாம், சமையற்காரரும் ஆடலாம். எத்தனை ஜோடி வந்தாலும் வரிசையை நீட்டிக்கொள்ளலாம்.

14. டிக்கன்ஸ் கதையில வர்றது இதே மெட்டுதானா?

இதேதான். 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்த ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில், கதைநாயகன் ஸ்குரூஜின் பழைய முதலாளி ஃபெஸிவிக் தன் கிடங்கைக் காலி செய்து விருந்து வைக்கிறார். ஃபிடில்காரர் இசைப் புத்தகத்தோடு வந்து உயரமான எழுத்து மேசைமேல் ஏறிக்கொள்கிறார். நடுவே ஓய்வு கிடைத்ததும் முகத்தை பீர்க் குவளைக்குள் புதைக்கிறார். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, தொழிலறிந்த ஃபிடில்காரர் ‘சர் ரோஜர் டி காவர்லி’யை எடுக்கிறார். முதலாளியும் மனைவியும் மேல்ஜோடி. அவர்களுக்கு எதிரே இருபத்துமூன்று, இருபத்துநான்கு ஜோடிகள்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கேள்வி 8இல் சொன்ன பெரிய ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் என்றால், 24 ஜோடிகளும் மேல்ஜோடியாகி முடிய ஒரு மணி நேரம். அத்தனை நேரமும் ஒரே ஒரு குட்டி மெட்டு, ஒரே ஒரு ஃபிடில்காரர். அந்தக் குவளை அவருக்கு நியாயமான கூலிதான்.

15. கிறிஸ்துமஸுக்கும் இதுக்கும் வேற சம்பந்தம் உண்டா? பாட்டுல மதம் எதுவும் வரலையே.

மெட்டில் பண்டிகை எதுவும் இல்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லா வயதினரும் கூடுவார்கள், அந்தக் கூட்டத்துக்குப் பொருந்திய ஆட்டம் இது (கேள்வி 13). பிறகு டிக்கன்ஸ் கதை அந்த இணைப்பை அழியாமல் பதித்துவிட்டது. 1922இல் இசையமைப்பாளர் ஃபிராங்க் பிரிட்ஜ் இந்த மெட்டை எடுத்து எழுதிய படைப்புக்கு ‘ஒரு கிறிஸ்துமஸ் நடனம்’ என்றே துணைத்தலைப்பு வைத்தார். அதன் இறுதியில், புத்தாண்டு இரவில் பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டு உள்ளே நுழைந்து இதோடு மோதும். ஃபிடில் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள், நான் சொல்லும் பத்து விளக்கத்தைவிட நல்லது.

16. அமெரிக்காவுல ‘வர்ஜீனியா ரீல்’னு ஆடறாங்களே, அது இதேதானே?

ஆட்டம் ஏறக்குறைய இதேதான்: நீள வரிசை, மூலைச் சந்திப்பு, வளைவு, மேல்ஜோடி மாறுவது. கடல் கடந்து போனபோது ஆட்டம் பெயரை மாற்றிக்கொண்டது, மெட்டையும் கழற்றிவிட்டது. அமெரிக்காவில் அதற்கு ரீல்களும் (ஓர் அடியை இரண்டாக உடைக்கும் வேக மெட்டுகள்) 6/8 ஜிக்குகளும் (இரண்டு அடி, அடிக்கு மூன்று துளி) வாசிக்கிறார்கள். ஆகவே ‘வர்ஜீனியா ரீல்’ என்று தேடினால் நம் மெட்டு கிடைக்காது.

17. இது நாட்டுப்புற நடனமா, இல்ல பணக்காரங்க டான்ஸா?

‘கண்ட்ரி டான்ஸ்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு வயல்வெளியைக் கற்பனை செய்ய வேண்டாம். கேள்வி 4இல் சொன்ன புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியவர்கள் லண்டன் வக்கீல்கள், வணிகர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நடன வாத்தியார்கள். மறுபுறம், அவர்களுக்கு வாசித்த ஃபிடில்காரர் அதே வாரம் விடுதியிலும் சந்தையிலும் வாசித்தவர். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மெட்டு போய் வந்தது. கூலி கொடுத்தவன் யார் என்பது வேறு, மெட்டு யாரிடம் இருந்தது என்பது வேறு.

நாட்டுப்புறம் என்ற முத்திரை வலுவாக விழுந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். செசில் ஷார்ப் கிராமங்களில் மிஞ்சியிருந்த நடனங்களைச் சேகரித்து 1909 முதல் புத்தகங்களாகப் போட்டார், பிளேஃபோர்ட் புத்தகங்களையும் தூசி தட்டினார், 1911இல் ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கத்தைத் தொடங்கினார். கிராமத்து ஆட்டமும் லண்டன் அச்சுப் புத்தகமும் அப்போது ஒரே கூரைக்குள் வந்தன. இன்று இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுவது அதனால்தான்.

18. நம்ம தீட்சிதர் நோட்டுஸ்வரத்துல இந்த மெட்டு இருக்கா?

ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்கள் போட்ட பாடல்களான நோட்டுஸ்வரங்களில் அடையாளம் காட்டப்படுபவை வேறு மெட்டுகள். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்து மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’, ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் பெயர் கொண்ட நடன மெட்டு. அந்த மெட்டும் 18ஆம் நூற்றாண்டு லண்டன் நடனத் தொகுப்புகளில் அச்சானதுதான், ஆகவே நம் ரோஜரின் உறவுக்காரர் என்று சொல்லலாம். கோட்டையில் வாசித்த ஐரோப்பியர்களிடமிருந்து முத்துசுவாமி தீட்சிதரும், அவர் தம்பி, வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதரும் கேட்டறிந்தவற்றில் நடன மெட்டுகளும் இருந்தன என்பதற்கு ‘வந்தே மீனாக்ஷி’ ஒன்றே போதும்.

19. ஒரு பேண்ட் இதே டான்ஸுக்கு 6/8 வாசிச்சாங்க. தப்பு தானே?

ஆட்டம் தடைப்படாமல் நடந்ததா? அப்படியானால் தப்பில்லை. ஆட்டத்தின் பெயரும் மெட்டின் பெயரும் ஒன்றாகப் பிறந்தாலும் ஆயுள் முழுக்க ஒட்டியே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தோம். பழக்கமில்லாத கூட்டத்துக்கு 9/8இல் கால் வைப்பது கடினம் என்பதால் இங்கிலாந்திலேயே பேண்டுகள் வேறு ஜிக்குகளை வாசிப்பதுண்டு. ஆனால் 6/8இல் வேறு மெட்டை வாசித்துவிட்டு அதையே ‘1695 மெட்டு’ என்று அறிவிப்பதைத் தடுக்க வேண்டும். அது இரண்டு முறை என் காதில் விழுந்திருக்கிறது.

20. நோட்ஸ் எங்கே கிடைக்கும்? காப்பிரைட் பிரச்சினை வருமா?

‘டான்சிங் மாஸ்டர்’ பதிப்புகளின் பக்கப் படங்கள் இணையத்தில் உள்ளன. லண்டன் கேம்டனில் 1930இல் திறந்த செசில் ஷார்ப் ஹவுஸில் இருக்கும் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகம் பல கையெழுத்து நோட்டுகளை இலவசமாகவே பார்க்கத் தருகிறது. மெட்டை ஆங்கில எழுத்துகளால் எழுதும் ஏபிசி குறிமானத்திலும் நிறையப் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். தேடும்போது ‘சர்’ சேர்த்தும் சேர்க்காமலும், காவர்லியை எல்லா விதமாகவும் எழுத்துக் கூட்டித் தேடுங்கள்.

மெட்டுக்கு உரிமையாளர் இல்லை. ஃபிராங்க் பிரிட்ஜ் 1941இல் இறந்தவர், இந்தியச் சட்டப்படி அவருடைய படைப்பின் காப்புரிமையும் முடிந்துவிட்டது. ஆனால் நேற்று ஒருவர் எழுதிய துணைச் சுர அமைப்பும், நேற்று ஒரு பேண்ட் செய்த ஒலிப்பதிவும் அவரவருடையவை. நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

21. எங்க ஸ்கூல்ல டிசம்பர்ல ஃபெஸிவிக் சீன் போடறோம் மேடம். பத்து ஜோடி, மேடை சின்னது. எந்த ஆட்டம், எந்த மெட்டு?

கதைக்குப் பொருந்துவது 19ஆம் நூற்றாண்டு ஆட்டம். 1695 ஆட்டம் அழகுதான், ஆனால் ஃபெஸிவிக் மேல்ஜோடியாக நின்று எல்லோர் பார்வையிலும் ஆட வேண்டும், அதற்கு அது இடம் தராது. பத்து ஜோடி சின்ன மேடைக்கு அதிகம். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை அமையுங்கள். ஒன்றில் ஃபெஸிவிக் மேல்ஜோடி, மற்றதில் பிள்ளைகள். மூலைச் சந்திப்புகளில் வலக்கை, இடக்கை, இரு கை மூன்றை மட்டும் வைத்து மீதியை விட்டுவிடலாம். வளைவை மட்டும் விடாதீர்கள், பார்ப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

மெட்டு 9/8 ரோஜரேதான், வேகத்தைப் பிள்ளைகளின் காலைப் பார்த்து வையுங்கள். ஒலிப்பதிவைப் போட்டால் யாராவது தவறிய நொடியில் ஆட்டமும் இசையும் பிரிந்துவிடும். வயலின் வாசிக்கும் ஒரு பிள்ளையை மேசைமேல் நிறுத்துங்கள். சுற்று முடியும்வரை அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஃபெஸிவிக் தொப்பியைக் கழற்றினால் அந்தச் சுற்றோடு நிறுத்தச் சொல்லிவையுங்கள். மேசையின் கால்களை முதலில் ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.